தலையணை வாங்கும் முன் கழுத்தை அளந்துகொள்ளுங்கள்

அன்று காலை பஸ்ஸில் நடத்துநர் என் இடப்பக்கம் வந்து நின்று டிக்கெட் கேட்டார். கழுத்து திரும்ப மறுத்துவிட்டது. இடுப்போடு சேர்த்து உடம்பையே திருப்பித்தான் சில்லறையை நீட்ட முடிந்தது. "என்ன சார், படுக்கை சரியில்லையா?" என்றார். எத்தனை கழுத்துகளைப் பார்த்த மனிதரோ, ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்.

முந்தைய வாரம்தான் ஆடித் தள்ளுபடியில் கொழுகொழுவென்று ஒரு தலையணை வாங்கியிருந்தேன். கடையில் விரலால் அமுக்கிப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது. விலையும் கூடுதல், ஆகவே நல்லதாகத்தான் இருக்கும் என்று எடுத்து வந்துவிட்டேன். செருப்பு வாங்கும்போது காலை நுழைத்து நாலு அடி நடந்து பார்க்கிறோம். இரவு முழுக்கத் தலை வைக்கப்போகும் பொருளை மட்டும் விரலால் அமுக்கிப் பார்த்து வாங்குகிறோம்.

அதற்குப் பிறகு எனக்குக் கழுத்துப் பயிற்சி சொல்லிக்கொடுத்த இயன்முறை மருத்துவரிடமும், போடிநாயக்கனூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் என் அத்தானிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். ஒருவருக்குக் கழுத்து தெரியும், மற்றவருக்குப் பஞ்சு தெரியும். புதிதாகக் கட்டில், மெத்தை என்று வீட்டுக்குச் சாமான் சேர்ப்பவர்களுக்கும், விடுதி அறைக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்களுக்கும் இது உதவும்.

தலையணை எதற்கு?

கழுத்தில் ஏழு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கு நேர்க்கோடாக இல்லாமல் முன்பக்கம் லேசாக வளைந்திருக்கும். பிடரியில் கை வைத்துப் பார்த்தால் அந்தக் குழிவு தெரியும். அதன்மேல் நான்கைந்து கிலோ எடையுள்ள தலை. பகல் முழுக்கக் கழுத்துத் தசைகள் இதைச் சுமக்கின்றன. இரவில்தான் அவற்றுக்கு ஓய்வு. படுத்தவுடன் கழுத்துக்கும் படுக்கைக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுகிறது. அதை நிரப்புவதுதான் தலையணையின் வேலை. இடைவெளியைவிடத் தலையணை உயரமாக இருந்தால் மோவாய் நெஞ்சை நோக்கிக் குனிந்துவிடும், தாழ்வாக இருந்தால் தலை பின்னால் சாயும். இரண்டிலும் தசைகளுக்கு இரவு வேலை வந்துவிடுகிறது.

இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் பெரியப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். "நாங்கள் எல்லாம் திண்ணையில் படுத்தவர்கள்" என்பார். உண்மைதான். பழைய வீட்டுத் திண்ணைகளின் ஓரத்தில் தலை வைப்பதற்கென்றே சரிவாகத் திண்டு கட்டியிருப்பார்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கல் தலையணை அது. ஆனால் பெரியப்பா அதில் படுக்கும்போது தோள் துண்டை எடுத்து இரண்டாக, நான்காக மடித்துப் பிடரிக்குக் கீழே கொடுத்துக்கொள்வதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். தனக்கு வேண்டிய உயரத்தைத் துண்டின் மடிப்பால் அவர் சரிசெய்துகொண்டார். நான் இங்கே சொல்லப்போகும் வழியும் அதுவேதான். "நித்திரை சுகம் அறியாது" என்ற பழமொழி கண் அயர்வது வரைக்கும் சரி. விடிந்ததும் கழுத்து எல்லாவற்றையும் அறிந்துகொள்கிறது.

முதலில், எப்படிப் படுக்கிறீர்கள் என்று பாருங்கள்

மல்லாந்து, ஒருக்களித்து, குப்புற என்று மூன்று வகை. எல்லோரும் புரண்டு புரண்டுதான் படுக்கிறோம் என்றாலும் ஒவ்வொருவருக்கும் அதிக நேரம் தங்கும் நிலை ஒன்று உண்டு. அது எது என்று உங்களைக் கேட்டால் பெரும்பாலும் தப்பாகச் சொல்வீர்கள். நான் மல்லாந்து படுப்பவன் என்றே நாற்பது வயது வரை நம்பியிருந்தேன். மல்லாந்து படுத்துத் தூங்கத் தொடங்குகிறேன், அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் வலப்பக்கம் ஒருக்களித்துவிடுகிறேன் என்று மனைவி சொல்லித்தான் தெரிந்தது. வீட்டில் கேளுங்கள். கேட்க ஆள் இல்லையென்றால், மூன்று நாள் காலையில் விழித்த நிலையிலேயே அசையாமல் இருந்து கவனியுங்கள். கன்னத்தில் உறையின் மடிப்புத் தடம் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்பதும் சொல்லிவிடும்.

ஒருக்களித்துப் படுப்பவருக்குத்தான் உயரமான தலையணை வேண்டும். தோளின் அகலம் முழுவதும் காதுக்கும் படுக்கைக்கும் நடுவே இடைவெளியாகிவிடுகிறது. அகன்ற தோள்காரருக்கு அது இன்னும் கூடும். மல்லாந்து படுப்பவருக்கு நடுத்தர உயரம் போதும். பிடரிக் குழிவில் சற்றுத் தூக்கலாகவும், தலை இருக்குமிடத்தில் சற்றுப் பள்ளமாகவும் இருப்பது நல்லது. குப்புறப் படுப்பவர்கள் கழுத்தை ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டேதான் மூச்சுவிட முடியும் என்பதால் எந்தத் தலையணையும் அவர்களுக்கு முழுத் தீர்வாகாது. மிக மெல்லியதாக ஒன்று, அல்லது தலையணையே இல்லாமல் படுப்பது மேல். இவர்கள் வயிற்றோரம் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு மெல்ல ஒருக்களிக்கப் பழகினால் கழுத்து நன்றி சொல்லும்.

எந்த நிலையாக இருந்தாலும் ஒரு தவறு பொதுவானது. தோளையும் தலையணைமேல் ஏற்றிவைத்துப் படுப்பது. தோள் ஏறிவிட்டால் கழுத்தடியில் மறுபடியும் பள்ளம் விழுகிறது. தலையணையின் விளிம்பு தோளுக்கு மேலே, கழுத்தை ஒட்டி முடியவேண்டும். எனக்குத் தெரிந்த இருவருக்குப் புதுத் தலையணையே தேவைப்படவில்லை. பழையதை நான்கு அங்குலம் மேலே தள்ளிவைத்ததில் வலி போய்விட்டது.

பாயா, மெத்தையா?

இதைக் கடைக்காரர்கள் யாரும் கேட்பதில்லை. ஆனால் கணக்கில் பாதி இதில்தான் இருக்கிறது. தரையில் கோரைப்பாய் விரித்து ஒருக்களித்துப் படுத்தால் தோள் துளிகூட அமுங்காது. தோளின் முழு அகலத்துக்கும் தலையணை வேண்டும். அதே ஆள் மெத்தென்ற நுரை மெத்தையில் படுத்தால் தோள் ஓரிரு அங்குலம் உள்ளே போய்விடும், அந்த அளவுக்கு உயரம் குறைந்த தலையணை போதும். பாயில் படுத்துப் பழகியவர்கள் கட்டிலுக்கு மாறும்போது பழைய தலையணையையே வைத்துக்கொண்டு, "மெத்தை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று திரும்பப் பாய்க்கே வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பல வீடுகளில் குற்றவாளி தலையணைதான், பழி மெத்தைக்குப் போகிறது. மெத்தையை மாற்றினால் தலையணை உயரத்தையும் மறுபடி பார்க்கவேண்டும்.

காசு செலவில்லாமல் அளவெடுப்பது

அலமாரியிலிருந்து பருத்திப் போர்வைகள் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் தலையணை அகலத்துக்கு மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். வழக்கமாகப் படுக்கும் இடத்தில், வழக்கமான நிலையில் அதன்மேல் தலைவைத்துப் படுங்கள். மடித்த துணி பஞ்சுபோல் அதிகம் அமுங்காது. அதனால் நீங்கள் காணும் உயரம் ஏறக்குறைய உண்மையான உயரம்.

இப்போது வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஒருக்களித்துப் படுப்பவர் என்றால் முதுகுப் பக்கமிருந்து எடுக்கவேண்டும். பிடரியிலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பு ஒரே கோட்டில் போகிறதா? தலை மேல்நோக்கி வளைந்திருந்தால் ஒரு மடிப்பை எடுங்கள், கீழே சரிந்திருந்தால் ஒன்றைச் சேருங்கள். மல்லாந்து படுப்பவருக்குப் பக்கவாட்டில் எடுக்கவேண்டும். நெற்றியும் மோவாயும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தால் சரி. மோவாய் நெஞ்சைப் பார்த்தால் உயரம் அதிகம், கூரையைப் பார்த்தால் குறைவு. சட்டையில்லாமலோ உடம்போடு ஒட்டிய பனியனோடோ எடுத்தால் கோடு தெளிவாகத் தெரியும்.

ஒரே இரவில் முடிவுகட்ட வேண்டாம். மூன்று இரவு அந்த அடுக்கிலேயே படுங்கள். காலையில் கழுத்து எப்படி இருக்கிறது என்று பார்த்து ஒரு மடிப்பு கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். சரியாக அமைந்த பிறகு அடிக்கோலை வைத்து உயரத்தை அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒருக்களித்தால் நான்கிலிருந்து ஆறு அங்குலத்துக்குள்ளும், மல்லாந்தால் மூன்றிலிருந்து நான்கு அங்குலத்துக்குள்ளும் வரும். உங்களுக்கு வேறு எண் வந்தால் உங்கள் எண்ணே சரி. எனக்கு நாலரை வந்தது. நான் வாங்கியிருந்த கொழுத்த தலையணையோ தலை வைத்த பிறகும் ஆறரை அங்குலம் நின்றது. அதன்மேல் ஒரு வாரம் படுத்தவன் பஸ்ஸில் கழுத்தைத் திருப்பியிருந்தால்தான் ஆச்சரியம்.

தலை வைத்த பிறகு நிற்கும் உயரம் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் விற்பவர்கள் போடும் உயரம் தலைவைக்காத உயரம். பாலியஸ்டர் பஞ்சுத் தலையணை சில, தலை வைத்ததும் பாதியாகக் குறைந்துவிடும். வீட்டுக்கு வந்த தலையணையைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றைத் தலையணையின் நடுவில் வையுங்கள். ஏறத்தாழ ஒரு தலையின் எடை. கால் மணி நேரம் கழித்துப் பைக்கு அடியில் எத்தனை அங்குலம் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுவது நல்லது. காற்றை உறிஞ்சிச் சுருட்டி அனுப்பிய தலையணையாக இருந்தால் ஒரு நாள் விட்டுத்தான் அளக்கவேண்டும், அதற்கு முன் அது முழுதாக உப்பியிருக்காது.

கடைக்கு அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லவில்லை. அங்கே படுத்துப் பார்க்கக் கட்டில் இருந்தால் வெட்கப்படாமல் படுத்துப் பாருங்கள். இல்லையென்றால் சுவரோரம் பக்கவாட்டில் நின்று, தோள் சுவரைத் தொட, காதுக்கும் சுவருக்கும் நடுவே தலையணையை வைத்துச் சாய்ந்து பாருங்கள். தலை நேராக நின்றால் ஒருக்களித்துப் படுக்க அது ஏறக்குறைய சரி. கடைப்பையன்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

உள்ளே என்ன இருக்கிறது?

உயரம் தெரிந்துவிட்டது. இனி எதனால் ஆனது என்பது வெப்பம், பராமரிப்பு, ஆயுள் பற்றிய கேள்வி. இதில் என் சாய்வு இலவம்பஞ்சின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இலவ மரத்தின் காய்கள் கோடையில் காய்ந்து வெடிக்கும். பழுத்தால் தின்னலாம் என்று காத்திருந்த கிளிக்குக் கிடைத்தது பஞ்சு. கிளிக்கு ஏமாற்றம், நமக்குத் தலையணை. தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர் சுற்றுவட்டாரம் இந்தப் பஞ்சுக்குப் பெயர்பெற்றது. இந்த இழையின் உள்ளே குழல்போல் வெற்றிடம் இருக்கிறது, மேலே மெழுகு பூசினாற்போன்ற வழவழப்பு. அதனால் கனமில்லை, தண்ணீரும் எளிதில் ஒட்டாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு அங்கிகளுக்குள் இந்தப் பஞ்சை அடைத்தார்கள். வியர்க்கும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பஞ்சு எது என்று எனக்குத் தெரியவில்லை. "உடம்புச் சூட்டை உறிஞ்சி எடுத்துவிடும்" என்று விற்பவர்கள் சொல்வது மிகை. அது சூட்டை உறிஞ்சுவதில்லை. காற்றோட்டம் இருப்பதால் தலை புழுங்காது, அவ்வளவுதான், அதுவே பெரிய விஷயம்.

இன்னொரு நன்மை, அது தலைக்கு இடம் கொடுத்து நடுவில் குழிந்து, இரு ஓரமும் தூக்கி நிற்கும். மல்லாந்தும் ஒருக்களித்தும் மாறி மாறிப் படுப்பவருக்கு நடுவில் ஓர் உயரம், ஓரத்தில் ஓர் உயரம் தானாகவே கிடைத்துவிடுகிறது.

வாங்கும்போது கலப்படம் பார்க்கவேண்டும். ஆலைக் கழிவுப் பருத்தியைக் கலந்து இலவம்பஞ்சு என்று விற்பதுண்டு. அத்தான் சொல்லித்தந்த சோதனை: ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே திரித்துப் பாருங்கள். பருத்தி விளக்குத் திரிபோல் முறுக்கிக்கொண்டு நிற்கும். இலவம்பஞ்சு முறுக்கு ஏறாமல் வழுக்கிக்கொண்டு பிரிந்துவிடும், நூல் நூற்க அது ஆகாததற்குக் காரணமும் அதுதான். கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் நல்ல இலவம்பஞ்சு நனையாமல் வெகுநேரம் மிதக்கும். கையில் கறுப்புக் கொட்டைகள் நிறையத் தட்டுப்பட்டால் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்று பொருள்.

கண்முன்னே அடைத்துத் தரும் கடையாகப் பார்த்துப் போவது உத்தமம். அளவைச் சொல்லி, "இறுக்கி அடைக்கவேண்டாம்" என்று சொல்லுங்கள். கடைக்காரர்கள் தாராள மனத்தோடு இறுக்கி அடைத்துவிடுவார்கள், கல்லாகிவிடும். ஆனால் புதுப் பஞ்சு சில மாதங்களில் கொஞ்சம் படியும் என்பதால் உங்கள் அளவுக்குமேல் அரை அங்குலம் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். ஓரத்தில் ஜிப் வைத்துத் தைக்கச் சொன்னால் பிற்பாடு பஞ்சைக் கூட்டவோ குறைக்கவோ வசதி. உள்துணி நெருக்கமாக நெய்த மெத்தைத் துணியாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வீடெங்கும் பஞ்சு பறக்கும்.

குறைகளும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறையாவது பிரித்து உதறி அடைக்காவிட்டால் கட்டிபிடிக்கும். தண்ணீரில் துவைக்கக் கூடாது. பழைய பஞ்சு பொடியாகித் தூசு கிளப்பும் என்பதால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். தீ சட்டென்று பற்றும். கொசுவர்த்திச் சுருளைத் தலைமாட்டில் வைக்கும் பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள்.

பருத்திப் பஞ்சுத் தலையணை கனம், இறுக்கம். படிந்துபோனால் பலகைதான். முன்பு தெருவில் வில்லோடு வந்து பஞ்சு கொட்டிக் கொடுப்பவர்கள் இருந்தார்கள், அதனால் அது ஓடியது.

விலை மலிவில் எங்கும் கிடைப்பது பாலியஸ்டர் பஞ்சு. ரெக்ரான் என்ற வணிகப் பெயரே பல கடைகளில் அந்தப் பஞ்சுக்கான பொதுப்பெயராகிவிட்டது. மைக்ரோஃபைபர் என்று விற்பதும் அதன் மெல்லிய இழை வடிவம்தான். துவைக்கலாம், உலரும், விடுதிப் பிள்ளைகளுக்கும் தூசு ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இதுவே வசதி. ஆயுள்தான் குறைவு. ஒன்றிரண்டு ஆண்டுகளில் தொய்ந்துவிடும். இரண்டாக மடித்துக் கையை விடுங்கள். துள்ளி விரிந்தால் உயிர் இருக்கிறது, மடித்தபடியே கிடந்தால் மாற்றவேண்டியதுதான்.

மெமரி ஃபோம் பற்றி விற்பனையாளர்கள் விண்வெளிக் கதை ஒன்று சொல்வார்கள். 1960களில் நாசாவுக்காக விமான இருக்கைகளை மேம்படுத்தும் முயற்சியில் உருவான பொருள் என்பது வரை உண்மை. விண்வெளி வீரர்கள் தலைவைத்துத் தூங்கிய தலையணை என்று யாராவது நீட்டினால் நம்பாதீர்கள். எடையற்ற இடத்தில் தலை எங்கும் சாய்வதில்லை, தலையணையே தேவையில்லை. தலையின் வடிவத்துக்கு ஏற்ப மெல்லக் குழிந்து தாங்குவது இதன் சிறப்பு. சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும். ஏ.சி. அறையில் சோதித்துப் பார்த்துவிட்டு வந்தால் மின்விசிறி மட்டும் சுழலும் மே மாத அறையில் அது வேறு தலையணையாகத் தெரியும், தலையும் புழுங்கும். புதிதில் ஒரு வாடை வரும், இரண்டு மூன்று நாள் காற்றாட வைத்தால் போய்விடும். அலைபோல் ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் இருக்கும் வடிவத்தில் வாங்கினால், மேடு பிடரிக்குக் கீழே வரவேண்டும். இரண்டு ஓரத்தையும் சில நாள் மாற்றிப் படுத்துப் பார்த்து, உங்கள் அளவுக்கு நெருக்கமானதை வைத்துக்கொள்ளுங்கள். அதன் அட்டையில் "ஆர்த்தோ", "செர்விகல்" என்று போட்டிருப்பதை மருத்துவர் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உயரம் எத்தனை என்று மட்டும் பாருங்கள்.

ரப்பர் மரத்துப் பாலிலிருந்து செய்யும் லேடெக்ஸ் தலையணை துள்ளும், நெடுநாள் உழைக்கும், துளைகள் இருப்பதால் மெமரி ஃபோம் அளவுக்குப் புழுங்காது. கனமும் விலையும் அதிகம். ரப்பர் கையுறை, பலூன் பட்டால் அரிப்பு வருபவர்கள் இந்தப் பக்கமே போகக் கூடாது. இறகுத் தலையணை குளிர் நாட்டுச் சரக்கு, விட்டுவிடலாம்.

நீள அகலம் பெரிய சிக்கல் இல்லை. இங்கே பரவலாகக் கிடைப்பது 17-க்கு 27 அங்குலம். அதற்கு முன்னும் பின்னும் 16-க்கு 24, 18-க்கு 28 உண்டு. உறை வாங்கும்போது மட்டும் கவனம். தலையணையைவிடச் சிறிய உறையில் திணித்தால் அது இறுகி, உயரமும் கூடிவிடும். நீங்கள் அளந்த கணக்கெல்லாம் வீண். கரூர்த் துணிகளில் நல்ல பருத்தி உறைகள் நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன. பளபளவென்ற செயற்கைத் துணி உறை கண்ணுக்கு அழகு, கன்னத்துக்கு வியர்வை.

சிலருக்கு வேறு கணக்கு

கைக்குழந்தைக்குத் தலையணை வேண்டாம். ஒரு வயது வரை கண்டிப்பாகக் கூடாது, இரண்டு வயது வரை தேவையும் இல்லை. முகம் புதைந்தால் விலக்கிக்கொள்ளக் குழந்தைக்குத் தெரியாது. தலை உருண்டையாக வரவேண்டும் என்று கடுகு அடைத்த தலையணை தைத்துக் கொடுப்பது நம் பாட்டிகளின் அன்பு. ஆனால் தலையின் வடிவத்தைத் திருத்துவதாகச் சொல்லும் குழந்தைத் தலையணைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2022-இல் வெளிப்படையாகவே எச்சரித்தது. உறங்கும்போது மூச்சுத் திணறும் ஆபத்துதான் காரணம். குழந்தை விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்க, கொஞ்ச நேரம் குப்புற விளையாட விடுங்கள். பின்தலை தட்டையாகாமல் இருக்க அது உதவும். பாட்டியிடம் இதைச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது, என்னால் அதில் உதவ முடியாது.

கர்ப்பிணிகள் ஏழாம் மாதத்திலிருந்து ஒருக்களித்துப் படுக்கவேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. தலைக்கு ஒன்று போக, முட்டிகளுக்கு நடுவே ஒன்று, வயிற்றுக்கு அடியில் மெல்லியதாக ஒன்று. கடையில் விற்கும் பெரிய வளைந்த தலையணை இல்லாமலே இது நடக்கும். இடுப்பு வலிக்காரர்களுக்கும் இதே உத்திதான். ஒருக்களித்தால் முட்டிகளுக்கு நடுவே, மல்லாந்தால் முட்டிகளுக்கு அடியில்.

நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இரண்டு மூன்று தலையணைகளை அடுக்கித் தலையை மட்டும் தூக்குகிறார்கள். அதனால் உடம்பு வயிற்றருகே மடங்குகிறதே தவிர அமிலம் மேலேறுவது நிற்பதில்லை, கழுத்துக்கும் கேடு. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே ஆறு அங்குல மரக்கட்டை கொடுத்து உயர்த்துங்கள், அல்லது முதுகிலிருந்தே சரிவாகத் தாங்கும் ஆப்புத் தலையணை வாங்குங்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் நல்ல பலன் தரும்.

வயதானவர்களில் மேல்முதுகு கூன் விழுந்தவர்களுக்குச் சற்று உயரமான தலையணைதான் சரி. "தட்டையாகப் படுங்கள்" என்று வற்புறுத்தாதீர்கள். ஆனால் நேற்று வரை ஒரு தலையணையில் படுத்த அப்பாவோ அம்மாவோ, மூச்சு வாங்குகிறது என்று இரண்டு, மூன்று என்று ஏற்றிக்கொண்டே போனால் அது தலையணை விவகாரம் இல்லை. "எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?" என்று இதய மருத்துவர்கள் கேட்பது வெறும் குசலம் அல்ல. இதயம் பலவீனமடைவதன் அடையாளமாக அது இருக்கலாம். தாமதிக்காமல் அழைத்துப்போங்கள்.

காலையில் எழும்போது இருந்து, பத்து மணிக்குள் மறைந்துவிடும் கழுத்துப் பிடிப்புக்குத் தலையணையைச் சந்தேகிக்கலாம். நாள் முழுக்க நீடிக்கும் வலி, கையில் இறங்கும் வலி, விரல் மரத்துப்போவது, கையில் பலம் குறைவது, காய்ச்சலோடு வரும் கழுத்து விறைப்பு, விழுந்து அடிபட்ட பிறகு வரும் வலி, இவற்றுக்கெல்லாம் மருத்துவரைத்தான் பார்க்கவேண்டும். பலத்த குறட்டையோடு நடுநடுவே மூச்சு நின்று திணறி எழுபவர்களுக்கும் அதே. குறட்டைத் தலையணை என்று விற்பதை வாங்கிக் காலம் கடத்தவேண்டாம்.

வாங்கிய பிறகு

புதுத் தலையணைக்கு ஒரு வாரமாவது அவகாசம் கொடுங்கள். முதல் இரண்டு இரவு எதுவும் பழையதுபோல் இருக்காது. ஒரு வாரம் கழித்தும் காலையில் கழுத்து முறுக்கிக்கொண்டால் உயரத்தை மாற்றுங்கள். குறைவாக இருந்தால் உறைக்குள் மடித்த துண்டு ஒன்றை வைத்தாலே போதும்.

நம் வீடுகளில் தலையணைக்கு முதல் எதிரி தேங்காய் எண்ணெய். தலைக்கு எண்ணெய் வைத்துப் படுக்கும் வழக்கமிருந்தால் இரண்டு உறை போடுங்கள். பழைய பருத்தி வேட்டியிலோ சேலையிலோ உள்ளுறை தைத்துக்கொள்ளலாம், அதைவிட மென்மையான துணி கடையில் கிடைக்காது. வெளியுறையை வாரம் ஒருமுறை துவைக்கவேண்டும். ஒவ்வாமை உள்ள வீடு என்றால் 60 டிகிரி சூட்டு நீரில் துவைத்தால்தான் தூசுப் பூச்சிகள் சாகும். தலை குளித்த ஈரத்தோடு படுக்காதீர்கள், பூஞ்சை வாடை ஒருமுறை ஏறினால் இறங்காது.

இலவம்பஞ்சையும் பருத்தியையும் மாதம் ஒருமுறை மொட்டை மாடி வெயிலில் இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டுத் தட்டி எடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் புரட்டாசி வெயிலைத் தவறவிடக் கூடாது, பிறகு மாதக்கணக்கில் ஈரக்காற்றுதான். மெமரி ஃபோமையும் லேடெக்ஸையும் மட்டும் வெயிலில் போடாதீர்கள். உதிர்ந்துபோகும். நிழலில் காற்றாட வைத்தால் போதும்.

ஆடித் தள்ளுபடியில் வாங்கிய அந்தக் கொழுத்த தலையணையைக் கொஞ்ச நாள் பிரம்பு நாற்காலியில் முதுகுக்கு வைத்திருந்தேன். பொங்கலுக்கு வந்த அத்தான், அகன்ற தோள்காரர், கூடத்தில் பாய் விரித்து அதை எடுத்துத் தலைக்கு வைத்து வலப்பக்கம் ஒருக்களித்தவர், விடிந்து காப்பி ஆறும் வரை எழவில்லை. ஊருக்குப் புறப்படும்போது, "மாப்பிள்ளை, இந்தத் தலையணையை நான் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார். பஞ்சுக்காரருக்குப் பாலியஸ்டர் தலையணையைக் கொடுத்தனுப்பினேன்.